துயரும் பொழிலும்: திருமுல்லைவாயில் பதிகம் எழுப்பும் கேள்வி

மனம் உடைந்தவன் பாடும் பாட்டில் சோலையும் ஆறும் ஏன் அத்தனை அழகாக நிற்கின்றன? துயரத்துக்கு இருண்ட வானமும் பட்ட மரமும் அல்லவா பொருந்தும்? கேள்வி பழையது. கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் இதைப் பெரும்பாலும் ஷெல்லியை முன்வைத்தே சந்திக்கிறார்கள். 1818 டிசம்பரில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே அவர் எழுதிய சோர்வுப் பாட்டில் வெயில் இதமாக இருக்கிறது, வானம் தெளிந்திருக்கிறது, கடல் ஒளிர்கிறது. கரை மணலில் தனியே உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் உடல்நலம் இல்லை, அமைதி இல்லை, புகழ் இல்லை, அன்பு இல்லை.

ஷெல்லிக்கு ஆயிரம் ஆண்டு முன்பே பாடப்பட்ட ஒரு பதிகத்தை வைத்து இதே கேள்வியை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலிலும் கேட்கலாம். மாசிலாமணீசுவரர் மேல் சுந்தரர் பாடிய அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் 69ஆவதாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கே கேள்வி இன்னும் கடினமாகிறது. நேப்பிள்ஸில் பாடியவர் அழகைக் கண்ணாரக் கண்டார். முல்லைவாயிலில் பாடியவருக்குக் கண் இல்லை.

பதிகத்தில் இருப்பவை

பாட்டுக்குப் பாட்டு ஒரே வேண்டுகோள் திரும்ப வருகிறது: தான் படும் துயரை நீக்க வேண்டும். முதல் பாட்டிலேயே சுந்தரர் தம் செருக்கை ஒத்துக்கொள்கிறார். யாரையும் மதிக்காமல் தகாதவற்றைச் செய்ததும், இறைவனோடு ஊடித் திரிந்ததும் அதில் உண்டு. அந்தப் பாட்டிலேயே மணம் தங்கிய சோலையும் வந்துவிடுகிறது. இன்னொரு பாட்டில் செண்பகச் சோலை. அங்கேதான், தாம் மணந்த சங்கிலியின் பொருட்டுத் தம் கண் பறிக்கப்பட்டதைக் கவிஞர் தாமே சொல்கிறார். ஒரு பாட்டு வயலுக்குப் போகிறது: புதுமணம், வண்டுகளின் இசை, தாமரையைப் படுக்கையாக்கி உறங்கிச் சேற்றில் உலவும் நண்டு, சுற்றிலும் செந்நெல். மற்றொன்று பாலி ஆற்றைக் காட்டுகிறது. சந்தனம், அகில், மயிற்பீலி, யானைத் தந்தம், முத்து, பவளம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அது வருகிறது; அதன் வடகரையில் கோயில். பதிகத்தின் பிற்பகுதியில் தலத்தின் கதையும் இடம்பெறுகிறது. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சுற்றிப் பிணித்ததும், இறைவன் வெளிப்பட்டு அருளியதும் அந்தக் கதை.

ஆக, அவலமும் அழகும் ஒவ்வொரு பாட்டிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை இணைத்துக் காட்டும் சொல் எதையும் கவிஞர் வைக்கவில்லை. ‘இத்தனை அழகு இருந்தும்’ என்றோ ‘அழகைக் காண முடியாமல்’ என்றோ அவர் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை காலமும் விளக்கங்கள் வந்து குடியேறியிருக்கின்றன.

கதை தரும் விடை

முதல் விளக்கத்தைத் தந்தவர் சேக்கிழார். பூந்தமல்லிக்கு அருகே குன்றத்தூரில் பிறந்தவர். அங்கிருந்து முல்லைவாயில் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். இந்த வட்டாரத்து ஏரியும் வயலும் அவருக்குப் புதியவை அல்ல. 12ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரியபுராணத்தில், ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் இந்த நிகழ்ச்சி வருகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், அவரைப் பிரிவதில்லை என்று மகிழமரத்தடியில் சூளுரைக்கிறார். பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டுகிறார், பார்வை போகிறது. வழியில் வடதிருமுல்லைவாயில், திருவெண்பாக்கம், திருவாலங்காடு என்று போய், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெறுகிறார்.

இதில் நம் கேள்விக்கு நேரே பயன்படும் நுட்பம் ஒன்று உண்டு. சூளுரையை மீறத் தூண்டியது எது? சேக்கிழார் கணக்கில் இளவேனில். பொதிய மலையில் பிறந்த தென்றல் வீச, ஆரூரின் வசந்த விழாவும், அங்கே அவர் முன்பே மணந்திருந்த பரவையாரின் ஆடலும் பாட்டும் சுந்தரருக்கு நினைவில் எழுகின்றன, கால்கள் புறப்பட்டுவிடுகின்றன. அப்படியானால் இயற்கையின் அழகு துயரத்துக்குப் பின்புலமாக மட்டும் இல்லை. துயரத்தையே அதுதான் தொடங்கி வைக்கிறது. நேப்பிள்ஸ் பாட்டுக்கு எழுதப்பட்ட விளக்கங்கள் பலவற்றில் இந்தத் துணிவு இல்லை.

ஷெல்லிக்கும் இதே வகை விடை உண்டு. அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1824இல், அந்தப் பாட்டை அச்சேற்றியவர் மனைவி மேரி. பின்னர் 1839இல் அவர் எழுதிய குறிப்பில், கணவர் தம் மனச்சோர்வை இத்தகைய பாடல்களில் கொட்டிவிட்டுத் தம்மிடம் மறைத்திருந்ததை வருத்தத்தோடு சொல்கிறார். மகள் கிளாரா 1818 செப்டம்பரில் வெனிஸில் இறந்தது, முதல் மனைவி ஹாரியட் 1816இல் உயிரை மாய்த்துக்கொண்டது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் காரணங்களை அடுக்குவார்கள்.

கதை தரும் விடை துயரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். அழகு ஏன் வந்தது என்பதைச் சொல்லாது. சேக்கிழாரின் தென்றல் அருமையானது. ஆனால் அது சேக்கிழார் கொண்டுவந்த தென்றல். முல்லைவாயில் பதிகத்தில் அது வீசவில்லை. சுந்தரரை 8ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பதே பெரும்பான்மைக் கருத்து. கதைக்கும் பாட்டுக்கும் இடையே மூன்று நூற்றாண்டுக்குக் குறையாத தூரம் இருக்கிறது. கண் போனது, சங்கிலியின் பொருட்டு அது நேர்ந்தது என்ற இரண்டும் பதிகத்துக்குள்ளேயே இருப்பதால் அவற்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம். மற்றவற்றைச் சேக்கிழாரின் வாசிப்பாகக் கொள்வதே முறை.

திணை தரும் விடை

தமிழ் மரபுக்குள்ளிருந்து எழும் இரண்டாவது விடை, இயற்கையையும் உணர்ச்சியையும் பிரித்துப் பார்ப்பதே பிழை என்கிறது. தொல்காப்பியத்தின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பகுப்பில் நிலமும் பூவும் பறவையும் ஒரு மனநிலைக்கு உரியவையாகவே வருகின்றன. இந்தச் சிந்தனையை 20ஆம் நூற்றாண்டில் பலர் புதிதாக எடுத்து விளக்கினார்கள். மு. வரதராசன் 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளில்தான். தனிநாயக அடிகள் பழந்தமிழ் இயற்கைக் கவிதையைக் கிரேக்க, இலத்தீன் மரபுகளோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு வைத்த பெயரே, அகத்துக்குள் விரியும் நிலம் என்ற பொருளைத் தருவது.

இந்த வழியில் முல்லைவாயிலுக்கு வருபவர்களுக்கு ஊர்ப்பெயரே ஒரு தூண்டில். முல்லை என்றால் இருத்தல், பொறுத்துக் காத்திருத்தல். கண்ணுக்காகக் காத்திருக்கும் கவிஞர் முல்லையின் பெயர் தாங்கிய ஊரில் பாடுகிறார் என்று சொல்லிவிடலாம். ஆனால் பதிகத்தில் முல்லை நிலத்தின் காடோ, மாலைப் பொழுதோ, மேய்ச்சலோ துலங்குவதில்லை. முல்லைக்கொடி யானையைக் கட்டிய கதைக்காக வருகிறது, அவ்வளவுதான்.

பதிகத்தின் நிலம் மருதம். வயல், செந்நெல், தாமரை, நண்டு, ஆறு என்று எல்லாம் அதற்குரியவை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தலைவன் வேறொருத்தியை நாடியதால் எழும் பிணக்கு. பரவை, சங்கிலி என்று இருவரை மணந்து, ஒருத்தியை நினைத்து மற்றவளைப் பிரிந்ததால் கண்ணிழந்தவர் பாடும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் உண்டா? இறைவனோடு ஊடித் திரிந்ததைச் சுந்தரரே முதல் பாட்டில் சொல்லவும் செய்கிறார். தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவர் தோழரிடம் கொண்ட பிணக்கு அது. திணை விடை தரும் மிகச் செழிப்பான வாசிப்பு இதுவே என்று கருத இடமுண்டு.

இதற்கும் ஒரு தடை இருக்கிறது. திணை, ஒருவர் பெயரைச் சுட்டாத அகப்பாட்டுக்கு வகுத்த முறை. சுந்தரரின் பாட்டிலோ ஊர்ப்பெயர் இருக்கிறது, சங்கிலியின் பெயர் இருக்கிறது, திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொள்ளப்பட்ட சொந்த வரலாறு இருக்கிறது. அகத்தின் நிலம் பக்திப் பாட்டுக்குள் எவ்வளவு தூரம் தன் பழைய பொருளோடு வந்திருக்கிறது என்பதைப் பாட்டுக்குப் பாட்டு பார்த்தே சொல்ல வேண்டும்.

மரபு என்னும் விடை

மூன்றாவது விடை எல்லாவற்றையும் எளிதாக்குகிறது: தேவாரத்தில் தலத்தை வருணிப்பது வழக்கம், சுந்தரரும் அதைச் செய்தார். சான்று வெகு தூரத்தில் இல்லை. சில கிலோமீட்டர் கிழக்கே, பாடியில் திருவலிதாயம். அங்கே சம்பந்தர் பாடியது முதல் திருமுறையின் மூன்றாம் பதிகம். அதிலும் வண்டு தங்கும் மணச்சோலை உண்டு; பாடியவரின் சொந்தத் துயரம் கிடையாது. ஆறு சந்தனத்தையும் தந்தத்தையும் முத்தையும் உருட்டி வருவதும் தேவாரத்தில் பல தலங்களுக்குப் பொதுவான காட்சிதான். சமவெளியில் கிடக்கும் முல்லைவாயிலுக்குப் பவளம் ஆற்றோடு வந்தது என்பதை யாரும் நேரில் கண்ட செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த விடை நம்மை எச்சரிப்பதில் வலுவானது, விளக்குவதில் மெலிந்தது. மரபு ஒரு கவிஞர் கையில் என்ன கிடந்தது என்பதைச் சொல்லும். அதை வைத்து அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. ஒரே சோலை, துயரம் இல்லாத பதிகத்தில் புகழாக நிற்கிறது. துயரை நீக்கச் சொல்லும் வேண்டுகோளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது வேறாகிவிடுகிறது. வழக்கம் என்ற ஒரு சொல்லால் இந்த வேறுபாட்டைத் துடைத்துவிட முடியாது.

ரொமான்டிக் விடையும் அதற்கு எதிர்ப்பும்

ஐரோப்பியக் கவிகள் இந்தக் கேள்வியைத் தங்கள் கவிதைக்கே மையமாக வைத்துக்கொண்டவர்கள். 1802 அக்டோபர் 4 அன்று மார்னிங் போஸ்ட் இதழில் வெளியான கோல்ரிட்ஜின் சோர்வுப் பாட்டு இதற்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது. நிலவும் விண்மீனும் எவ்வளவு அழகானவை என்பதை அவர் கண் அறிகிறது; மனம் அசையவில்லை. இயற்கையின் உயிர்ப்பு காண்பவன் உள்ளத்திலிருந்தே பிறக்கிறது, உள்ளம் வற்றினால் வெளியே எத்தனை ஒளி இருந்தும் பயனில்லை என்பது அவர் முடிவு. ஷெல்லி அவ்வளவு தூரம் போகவில்லை. அவருடைய பாட்டில் கடலும் வெயிலும் கடைசிவரை இதமாகவே இருக்கின்றன. அந்த இதத்திலேயே ஒரு குழந்தையைப் போல உறங்கி இறந்துவிட விரும்புகிறார். அழகு அங்கே ஆறுதலும் ஆகிறது, மரணத்துக்கான அழைப்பும் ஆகிறது.

1856இல் ஆங்கில விமர்சகர் ரஸ்கின் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். உணர்ச்சி மேலிட்ட கவிஞர்கள் மரத்துக்கும் அலைக்கும் மனித மனத்தை ஏற்றிச் சொல்வதை ஒருவகைப் பொய்த்தோற்றம் என்றார். தமிழ் இலக்கணம் இதை வேறு மாதிரி கையாண்டது. ஞாயிறு, கடல், மரம், பறவை போன்றவை பேசுவது போலவும் கேட்பது போலவும் பாடலாம் என்று தொல்காப்பியம் இடம் தருகிறது. அது பாட்டின் உரிமை. குற்றமாக அங்கே பேசப்படுவதில்லை.

ரொமான்டிக் பார்வை தமிழுக்குள் வந்த வழிகளில் பாரதி முக்கியமானவர். ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு அந்தக் கவிஞர் மேல் பற்று இருந்தது. அவருக்குப் பிறகு, பழம்பாட்டுகளையும் ஒரு தனிமனத்தின் வெளிப்பாடாக வாசிப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. சுந்தரர் இதற்கு வசதியானவரும்கூட. தேவார மூவரில் தம் வாழ்க்கையை இவ்வளவு வெளிப்படையாகப் பாட்டில் வைத்தவர் வேறில்லை. மொ.அ. துரை அரங்கசாமி 1950களின் இறுதியில் அவர் பாடல்களைப் பதிகம் பதிகமாக ஆராய்ந்த பெருநூலும், டேவிட் ஷுல்மன் 1990இல் வெளியிட்ட முழு மொழிபெயர்ப்பும் அந்தத் தனிக்குரலின் வலிமைக்குச் சான்று.

ஆனால் முல்லைவாயிலில் கோல்ரிட்ஜும் ரஸ்கினும் ஒருங்கே தடுமாறுகிறார்கள். இங்கே கவிஞரின் துயரால் சோலை உயிரிழக்கவில்லை; அதனால் கோல்ரிட்ஜுக்கு இடமில்லை. சோலை அழவும் இல்லை. அதனால் ரஸ்கினின் குற்றச்சாட்டும் ஒட்டாது. நண்டு தன்பாட்டில் உறங்குகிறது, வண்டு தன்பாட்டில் பாடுகிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு, சுந்தரர் எந்த இடத்திலும் தனியாக இல்லை என்பது. நேப்பிள்ஸ் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் கடல் மட்டும் இருக்கிறது. முல்லைவாயிலில் பாடுபவருக்கு முன்னால், பதில் சொல்லியாக வேண்டிய ஒருவர் இருக்கிறார்.

காண முடியாதவர் அடுக்கிய காட்சி

பதிகத்தின் இயற்கையைப் புலன் புலனாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு செய்தி தென்படுகிறது. மணம் தங்கிய சோலை, செண்பகம், வயலின் புதுமணம், சந்தனம், அகில் எல்லாம் மூக்குக்கு உரியவை. வண்டின் இசை காதுக்கு. கண்ணில்லாதவர் ஊருக்குள் நடந்து வரும்போது முதலில் எட்டுபவை இவைதான். திருவொற்றியூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம் அப்படி வந்தவரின் பாட்டு இது என்று நினைக்கும்போது, இந்த வாசிப்பு மனத்தை இழுக்கிறது. இன்று பௌர்ணமி வெள்ளிக்கிழமைகளில் மேலூர், ஒற்றியூர், முல்லைவாயில் என மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிப்பவர்கள் அந்த வழியைப் பேருந்தில் கடந்துவிடுகிறார்கள்.

இழுப்பதனாலேயே இதைக் கவனமாகக் கையாள வேண்டும். மயிற்பீலியும் முத்தும் பவளமும் கண்ணுக்குரியவை. கயல் போன்ற கண்ணுடைய மகளிர் ஓயாது நடனமாடும் பொழில் ஒரு பாட்டில் வருகிறது. இறைவன் தாளம் தவறாமல் ஆட, கொடியிடை உமை அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இன்னொரு பாட்டு சொல்கிறது. மணத்தை மட்டும் பொறுக்கியெடுத்து வைத்தால் பதிகம் பாதியாகிவிடும். மாறாக, பிறர் கண்ணும் பிறர் பார்வையும் இப்படித் திரும்பத் திரும்ப வருவதை ஒரு பார்வையற்றவரின் ஏக்கமாக எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. இரண்டில் எது சரி என்பதைப் பதிகம் தானாகச் சொல்லவில்லை.

உடைமைக்காரரிடம் ஒரு வழக்கு

மேலே கண்ட விடைகள் எல்லாமே இயற்கைக்கும் கவிஞருக்கும் உள்ள உறவைத் தேடுகின்றன. பதிகத்தின் தொடரமைப்பு வேறு திசையைக் காட்டுகிறது. ஷெல்லியின் பாட்டில் வெயிலும் அலையும் தாமே வாக்கியத்தின் எழுவாயாக நிற்பவை. முல்லைவாயில் பதிகத்தில் சோலையும் வயலும் ஆறும் அப்படித் தனித்து நிற்பதில்லை. இறைவனை அழைக்கும் விளிக்கு அடைமொழிகளாக வருகின்றன. இந்தச் சோலை சூழ்ந்த ஊரில் இருப்பவனே, இந்த ஆற்றின் வடகரையில் இருப்பவனே என்றுதான் ஒவ்வொன்றும் வந்து சேர்கிறது. அழகு இங்கே காட்சியாக விரிவதற்கு முன்பே ஒருவருடைய உடைமையாகிவிடுகிறது.

சுந்தரருக்கும் இறைவனுக்கும் இடையே உள்ள உறவும் உடைமை உறவுதான். மணப்பந்தலில் ஓலை காட்டி, திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கை வென்று அடிமையாக்கிக்கொண்ட கதையை இந்தப் பதிகமே நினைவுபடுத்துகிறது. அந்த வழக்கின் மறுபக்கம் இது என்று வாசிக்கலாம். இவ்வளவு வளமான சோலையும் வயலும் ஆறும் உன்னுடையவை. தாமரையில் உறங்கும் நண்டுக்கும் இடம் தந்திருக்கிறாய், யானை கொடியில் சிக்கியபோது தொண்டைமானுக்கு வெளிப்பட்டு அருளினாய். உன் அடிமைக்கு மட்டும் ஏன் இந்தத் துயர்? அப்படியானால் இயற்கை துயரத்தின் கண்ணாடியும் அல்ல, திரையும் அல்ல. எதிராளியிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்பதைக் காட்டும் சான்று அது. பதிகத்தின் தொடரமைப்பு, கதைச் செய்திகள், திரும்ப வரும் வேண்டுகோள் மூன்றையும் சேர்த்து விளக்கும் வாசிப்புகளில் இதுவே மற்றவற்றைவிட உறுதியானது என்று தோன்றுகிறது.

வேறு பதிகங்கள் இதற்குத் துணை நிற்கின்றன. திருவொற்றியூரில் பாடிய 54ஆம் பதிகத்தில், மூன்று கண் உடையவரிடமே தம் கண் போனதற்கு நியாயம் கேட்டு, ஊன்றுகோலாவது தரச் சொல்கிறார். திருவாரூரில் பாடிய 95ஆம் பதிகத்தில் கோபம் இன்னும் வெளிப்படை. அன்றில் பறவை தவறாமல் வந்தடையும் சோலை ஆரூரில் இருக்கிறது. அதே ஆரூரானைப் பாடும் அடியார் வழி தெரியாமல் குன்றில் முட்டிக் குழியில் விழுகிறார். முல்லைவாயிலில் அடுத்தடுத்து மட்டும் வைக்கப்பட்ட அழகும் அவலமும் ஆரூரில் நேருக்கு நேர் நிறுத்தப்படுகின்றன.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். சோலையை அடைமொழியாக்கி இறைவனை விளிப்பது தேவாரம் முழுவதும் உள்ள நடை. வழக்கு எதுவும் இல்லாத பாட்டுகளிலும் அது உண்டு. முல்லைவாயில் பதிகத்தில் ‘எல்லாருக்கும் தந்தாய், எனக்கு இல்லையா’ என்று கவிஞர் நேராக ஓரிடத்திலும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஆரூர்ப் பாட்டின் வெளிச்சத்தில் நாம் இங்கே ஏற்றி வாசிக்கிறோம்.

முடிவாகாதவை

சில செய்திகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. பாலி ஆறு எது என்பது ஒன்று. இன்று பாலாறு முல்லைவாயிலுக்கு வெகு தெற்கே ஓடுகிறது. ஒரு காலத்தில் அது வடக்கே கொசத்தலையாற்றின் தடத்தில் ஓடியது என்ற நிலவியல் கருத்து ஏற்கப்பட்டால், ஆற்றுப் பாட்டில் மரபின் பங்கு எவ்வளவு, நேரடி நிலத்தின் பங்கு எவ்வளவு என்று மறுபடி எடை போட வேண்டியிருக்கும். அடுத்த தலமான திருவெண்பாக்கத்தின் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கி, கோயில் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. சுந்தரர் நடந்த வழியின் நிலத்தை இன்றைய வரைபடத்தில் வைத்து ஊகிப்பதில் இந்த மாற்றங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இசை இன்னொன்று. ஒற்றியூர் 54, காஞ்சி ஏகம்பம் 61, முல்லைவாயில் 69 ஆகிய மூன்று கண் பதிகங்களும் தக்கேசிப் பண்ணில் அமைந்தவை. ஓதுவார்கள் இன்று அதைக் காம்போதியில் பாடுகிறார்கள். கண்ணை இழந்ததற்கும் கண்ணைப் பெற்றதற்கும் ஒரே பண். சோகத்துக்கென்று ஒதுக்கப்படாத ஓர் இசையில் இந்த முறையீடு கேட்கப்பட்டபோது, சோலையின் அழகு கேட்பவர் மனத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது எழுத்தை மட்டும் வைத்துத் தீர்க்கக்கூடிய கேள்வி அல்ல.

கடைசியாக, பதிகங்களின் ஒப்பீடு. ஒற்றியூர், முல்லைவாயில், வெண்பாக்கம், ஏகம்பம், ஆரூர் ஆகியவற்றில் இயற்கை எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தொடரில் வருகிறது என்பதை, துயரம் இல்லாத சுந்தரர் பதிகங்களோடு வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். கண் பதிகங்களில் மட்டும் அதன் அளவோ இடமோ மாறுகிறது என்று தெரிந்தால் முறையீட்டு வாசிப்பு உறுதிப்படும். மாறவில்லை என்றால் மரபு என்னும் விடைக்கு இன்று தருவதைவிடக் கூடுதல் இடம் தர வேண்டிவரும். திருமுல்லைவாயிலின் சோலையும் ஆறும் வழக்கின் சான்றுகள் என்பதை, அதுவரை, வலுவான ஊகம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளலாம்.